முதுகு அண்ணனுக்கு, முகம் தம்பிக்கு

எனக்குச் சுக்குக் காப்பி போதும் வக்கீல் ஐயா, பால் சேர்க்க வேண்டாம். பாலும் தயிரும் தொண்டையில் கோழை கட்டும். தொண்டையை வைத்துப் பிழைக்கிறவன் சாப்பாட்டில் வாயைக் கட்டித்தான் ஆக வேண்டும். செட்டியார் வீட்டு விஷயமாக என் வாக்குமூலத்தை நீங்கள் எழுதிக்கொண்டே கேளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன். அவசரப்பட்டுச் சொன்னால் என் பேச்சு எனக்கே பிடிக்காது.

பெயர் கருத்தையா. சொந்த ஊர் நாச்சியாபுரம். பரம்பரையாக விவசாயம்தான். எனக்கு மட்டும் ஏர் பிடிக்கக் கை வளையவில்லை, நாக்குத்தான் வளைந்தது. சின்ன வயதில் கூத்தில் கட்டியங்காரனாக இருந்தேன். பிறகு ஊமைப்படம் வந்தது. படத்தில் இருக்கிறவர்கள் வாயைத் திறந்து திறந்து மூடுவார்கள், சத்தம் வராது. நடுநடுவே எழுத்துப் போடுவார்கள். எழுத்துத் தெரிந்தவர்கள் நாற்காலியில் இருப்பார்கள், மணலில் உட்கார்ந்திருக்கிற ஜனத்துக்கு யார் படித்துச் சொல்வது? நான்தான். திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு நின்று ராஜாவுக்கு ஒரு குரல், ராணிக்கு ஒரு குரல், குதிரைக்கு ஒரு கனைப்பு என்று எல்லாம் நானே. காரைக்குடிக் கொட்டகையில் படம் பார்க்க வந்தவர்களைவிட என்னைக் கேட்க வந்தவர்கள் அதிகம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். நானும் மறுப்பதில்லை.

படத்தின் பெயர் 'மணல்மேட்டு மகாராணி'. காரைக்குடி முத்துக்கருப்பன் செட்டியார் முதல் போட்டுச் சென்னைப்பட்டணத்தில் எடுத்த படம். எடுத்த கம்பெனி நொடித்துப் போனதும், மிஞ்சியிருந்த ஒரே பிரதியையும் அதை எந்த ஊரிலும் காட்டுகிற உரிமையையும் செட்டியார் தன் பேரில் எழுதி வாங்கிக்கொண்டார். பத்துத் தகரப் பெட்டி, பத்துச் சுருள். பெட்டிகளை ரயிலில் தன் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு வந்தாராம்.

முதல் போட்டவர் சும்மா இருப்பாரா? படத்தில் ஒரு காட்சியில் அவரே வருவார். துறைமுகத்தில் ராணிக்கு முத்து விற்கிற வியாபாரி. இத்தனைக்கும் அவர் ஆயுசில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. போட்டோப் பெட்டிக்கு முன்னால் நின்றால் ஆயுசு நின்றுவிடும் என்பது அவர் கட்சி. அப்புறம் எப்படிச் செட்டியாரே படத்தில் வந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "அதுல நான் நடக்குறேன்லடா. நடந்தா ஆயுசும் கூடவே நடந்துட்டுப் போகுது" என்றார். அதற்கு மேல் நான் என்ன கேட்பது?

அவர் காலமான பிறகு இரண்டு பிள்ளைகளுக்கும் பாகப்பிரிவினை. நீங்கள் மதுரைக்காரர், எங்கள் பக்கத்து முறை உங்களுக்குப் பழகியிருக்காது. ஒரே மாதிரிச் சாமான்களை வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், வரிசையாக அடுக்கி வைப்பார்கள். ஒன்று அண்ணனுக்கு, அடுத்தது தம்பிக்கு, மறுபடி அண்ணனுக்கு என்று பங்காளிகள் முன்னால் எடுத்துக்கொண்டே போவார்கள். நல்லதெல்லாம் ஒருவருக்கே போய்விடக் கூடாது, அதற்காக. அண்டா, குத்துவிளக்கு, வெள்ளிக் கிண்ணம் எல்லாம் அப்படித்தான் பிரிந்தன. அதே வரிசையில் பத்துத் தகரப் பெட்டிகளும் வந்தன.

முதல் ஐந்து அண்ணனுக்கு, பின் ஐந்து தம்பிக்கு என்று ஒரு பெரியவர் சொல்லிப் பார்த்தார். முடிவு எல்லாம் தம்பி பக்கம் போய்விடும், அது அநியாயம் என்று இன்னொருவர் தடுத்தார். கடைசியில் ஒற்றைப்படைச் சுருள் பெரிய செட்டியார் நாச்சியப்பனுக்கு, இரட்டைப்படைச் சுருள் சின்னச் செட்டியார் மெய்யநாதனுக்கு. காட்டுகிற உரிமையையும் அதோடு பிரித்தார்கள். காரைக்குடியும் அதற்கு வடக்கே உள்ள ஊர்களும் அண்ணனுக்கு, தேவகோட்டையும் அதற்குத் தெற்கே உள்ளவையும் தம்பிக்கு. ஒருவர் எல்லையில் மற்றவர் சுருள் ஓடக் கூடாது என்று பேச்சு.

அப்போது ஒரு பங்காளி என் பக்கம் திரும்பி, படத்தை இப்படிப் பிரிக்கலாமா என்று கேட்டார். அந்தக் கூட்டத்தில் படத்தைப் பற்றித் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தாராளமாகப் பிரிக்கலாம் என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் ஐயா என் நல்ல காலம். பழைய படத்தை மறுபடி போடச் சொல்லி ஊர்க்காரர்கள் கேட்கும்போதெல்லாம், காரைக்குடியில் பாதிப் படம், தேவகோட்டையில் மீதிப் படம். காரைக்குடியில் ஐந்தாவது சுருள் முடியும்போது ராணியைக் கடலில் தள்ளுவார்கள். அடுத்து ஓடுவது ஏழாவது. அதில் யானைமேல் வருவாள். கடலிலிருந்து யானைமேல் எப்படி ஏறினாள்? ஒரு திமிங்கிலம், அதற்கு முன்ஜென்மத்து நன்றிக்கடன், கரையில் காத்திருந்த யானை என்று நான் பாலம் போட்டேன். தேவகோட்டையில் அவள் கடலில் விழுவதே கிடையாது. ஈரச் சேலையோடு கரையில் கிடப்பாள். நேர்த்திக்கடனுக்கு நீராட வந்து மயங்கிவிட்டாள் என்றேன். படத்தின் முடிவு தம்பியின் பத்தாவது சுருளில் இருந்தது. காரைக்குடியில் ராணி சிறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு சரி. தர்மம் ஜெயிக்கும், கொஞ்சம் நேரமாகும் என்று சொல்லி மங்களம் பாடிவிடுவேன்.

இதனால் வேடிக்கையும் உண்டு. காரைக்குடிக்கு நல்லவனான தளபதி தேவகோட்டைக்குக் கெட்டவன். சிங்கம்புணரிச் சந்தைக்கு மாடு வாங்க வந்த தேவகோட்டைக்காரர் ஒருவர் இது தெரியாமல் தளபதியைத் திட்டிவிட்டார். உள்ளூர்க்காரர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டார்கள். இரண்டு கட்சியும் என்னிடம்தான் நியாயம் கேட்டது. இரண்டு பேர் சொல்வதும் சரி என்றேன். பொய் இல்லையே.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று நீங்கள் சொல்ல வருகிறீர்கள். எல்லாரும் சொல்லியாகிவிட்டது. நான் வேறு மாதிரி பார்க்கிறேன். படத்தை இரண்டு பங்காகப் பிரித்ததாக நினைத்துக்கொண்டார்கள், உண்மையில் மூன்று பங்கு. ஒற்றைப்படை ஒருவருக்கு, இரட்டைப்படை ஒருவருக்கு, இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது எனக்கு. என் பங்கை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, நானே உழுது பயிரிட்டேன்.

இனி அவர்கள் வீட்டு விஷயம். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். முகப்புப் பக்கம் அண்ணன், முற்றம் தாண்டிப் பின்பக்கம் இரண்டாம் கட்டில் தம்பி. தனித்தனி அடுப்பு. அப்பச்சியின், அதாவது தகப்பனாரின், கருமாதி விருந்தில் தம்பியின் மாமனார் வீட்டாரை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று பேச்சு நின்றது. யார் வைத்தது என்று இன்றுவரை தெரியவில்லை. ஒருவர் தும்மினால் மற்றவருக்குக் கேட்கும், ஆனால் பேச மாட்டார்கள். சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால் மூன்றாம் ஆள் மூலம்தான். இரண்டு பேருக்கும் வேலை பார்க்கிறவன் நான் ஒருவன். அதனால் முற்றத்தை நான் தாண்டுவேன்.

ஆரம்பத்தில் சொன்னதைச் சொன்னபடியேதான் சொன்னேன். கிணற்றுக் கயிறு மாற்ற வேண்டும், கோயில் வரி கட்ட வேண்டும் என்று. இதில் சேர்க்கவோ குறைக்கவோ என்ன இருக்கிறது?

பிறகு பட்டணத்திலிருந்து ஒரு ஆள் வந்தான். பேசும் படம் மதுரை வரை வந்துவிட்ட சமயம். பழைய ஊமைப்படங்களை வாங்கி, ஆட்களை வைத்துப் பேச்சும் பாட்டும் சேர்த்து, எல்லா ஜில்லாவிலும் மறுபடி ஓடவிடுகிற யோசனை அவனுக்கு. பத்துச் சுருளும் வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து சம்மதிக்க வேண்டும் என்றான். அப்படியானால் என் வேலை என்று கேட்டேன். பெட்டியே பேசும், நீங்கள் வீட்டில் போய்ப் பேசுங்கள் என்று சிரித்தான். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. நான் கோபப்பட்டேன் என்று எழுதாதீர்கள்.

அதே சமயத்தில்தான் பெரிய செட்டியாருக்குக் கண் மங்கத் தொடங்கியது. நீரிழிவு. மதுரையில் வெள்ளைக்கார டாக்டரிடம் காட்டினார்கள். அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு அவ்வளவாகத் தெரியாது என்று காலையில் உங்கள் குமாஸ்தாவிடம் சொல்லியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்ளலாம். சித்திரைக்கு மேல் பார்வை நிற்காது என்றார். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனவனே நான்தான், அதனால் தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரிய செட்டியார் திருப்பத்தூர் தாண்டியதும் என் கையைத் தட்டிச் சொன்னார்.

"கருத்தையா, கண்ணு போறதுக்குள்ள அப்பச்சி மொகத்தை ஒருக்கப் பாத்துடணும். நாலாவது சுருளைக் கொண்டாந்து போடச் சொல்லு. தம்பியையும் வரச் சொல்லு. கண்ணு விசயத்தையும் சொல்லிடு. பட்டணத்து ஆளுக்கு அவன் எங்க கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுறேன்."

இங்கே படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாவது சுருளின் கடைசியில் முத்துக்கருப்பன் செட்டியார் குடை பிடித்துக்கொண்டு துறைமுகத்தில் நடந்து போவார். நமக்குத் தெரிவது முதுகு. அவர் திரும்பிச் சிரிப்பது நாலாவது சுருளின் தொடக்கத்தில். அண்டா குண்டாவைப் போலப் பிரித்ததில் அப்பச்சியின் முதுகு அண்ணனுக்கும் முகம் தம்பிக்கும் போய்விட்டது. வீட்டில் ஒரு எண்ணெய்ச் சித்திரம் தொங்குகிறது, செத்த பிறகு ஆள் வைத்து எழுதியது. அதில் இருப்பவர் யாரோ ஒரு கலெக்டர் மாதிரி இருப்பார். ஆகவே செட்டியாரின் உண்மையான முகம் உலகத்தில் அந்த ஒரு சுருளில்தான் இருந்தது.

நான் முற்றத்தைத் தாண்டிப் போய்ச் சின்னச் செட்டியாரிடம், அண்ணன் நாலாவது சுருளைக் கேட்கிறார் என்றேன். அது உண்மைதானே. மற்றதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். சின்னச் செட்டியாருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் இயல்பு அது, கல்யாணத்திலும் அழுவார்.

"நானே தலையில தூக்கிட்டு வாரேன். அண்ணன் ஒரு தடவை வாடான்னு சொன்னாப் போதும்" என்றார்.

திரும்பி முற்றத்தைத் தாண்டும்போது, எண்ணி இருபது அடி இருக்குமா, அதற்குள் ஒரு கதை எனக்குத் தானாக வந்துவிட்டது. தொழில் பழக்கம். இரண்டு சுருளுக்கு நடுவில் நின்றால் என் வாய் சும்மா இருக்காது. பெரிய செட்டியாரிடம், நாலாவது வேண்டுமென்றால் மூன்றாவதைத் தன்னிடம் கொடுத்துவிடச் சொல்கிறார் தம்பி என்றேன்.

"மொகத்தை வச்சுக்கிட்டு முதுகையும் கேக்குறானா?" என்றார் பெரிய செட்டியார். அன்று அவர் சாப்பிடவில்லை என்று மீனாள் ஆச்சி சொன்னார். ஆச்சி அவருடைய சம்சாரம்.

மறுநாள் சின்னச் செட்டியாரிடம், அண்ணனுக்கு மனசு மாறிவிட்டது, இப்போதைக்கு வேண்டாம் என்கிறார் என்றேன். அண்ணன் கண்ணில் துணிக் கட்டு எதற்கு என்று அவர் கேட்டார். சின்ன உறுத்தல், தூசி விழுந்திருக்கிறது என்றேன். அவர் பன்னீர் அனுப்பினார். அதை நான் அண்ணனிடம் சேர்த்தேன், யார் கொடுத்தது என்று மட்டும் சொல்லவில்லை.

இப்படியே மாசியும் பங்குனியும் போயின. நான் யாரையும் திட்டவில்லை, கோள் சொல்லவில்லை. ஒருவர் கொடுத்த வார்த்தையில் ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றை வைப்பேன், அவ்வளவுதான். நாளைக்குச் சரியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அதற்கிடையில் நாச்சியாபுரத்துக்காரர்கள் படம் கேட்டார்கள், சொந்த ஊர், மறுக்க முடியுமா? எனக்கு அப்படி ஒரு கூட்டம் அதுவரை கூடியதில்லை. பட்டணத்து ஆள் காத்துப் பார்த்துவிட்டு வேறு படத்துக்குப் போய்விட்டான்.

என் சம்சாரம் முத்தழகுக்கு மட்டும் விஷயம் தெரியும். "ரெண்டு பேரு வாயையும் கட்டிப்போட்டுட்டு நீ ஒரு ஆளு பேசுற. இது வெளங்குமா?" என்றாள். அவளுக்குக் கலை புரியாது.

சித்திரை பிறந்தது. பெரிய செட்டியார் ஒரு காலையில் விளக்கை ஏற்றச் சொன்னார். அப்போது முற்றத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அவர் தினமும் என்னைக் கூப்பிட்டு, தம்பி மனசு இன்னும் இறங்கவில்லையா என்று கேட்பார். எனக்குத் தாங்கவில்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை ஐயா. ஒருநாள் தம்பி சம்மதித்துவிட்டார், சுருள் வந்துவிட்டது என்று சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தம்பி வருவானா என்று கேட்டார். வெட்கப்படுகிறார் என்றேன்.

உண்மைச் சுருளை அப்போதாவது வாங்கியிருக்கலாமே என்கிறீர்கள். பார்க்க முடியாதவருக்கு எந்தச் சுருள் ஓடினால் என்ன? எதற்கு வீணாகச் சின்னச் செட்டியாரைச் சிரமப்படுத்துவது?

பகலில் கொட்டகையைச் சுற்றிப் படுதாவை இறக்கினேன். மெஷின்காரனை ஊருக்கு அனுப்பிவிட்டு நானே கைப்பிடியைச் சுற்றினேன். பெரிய செட்டியாரை மீனாள் ஆச்சி கைபிடித்து அழைத்து வந்தார். அவரை விட்டுவிட்டுப் போவார் என்று நினைத்தேன், பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பெண்பிள்ளைதானே, என்ன கேட்கப்போகிறார் என்று நானும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது சுருளைப் போட்டேன். முதுகு நடந்து போய் முடிந்தது. அதையே திரும்பச் சுற்றி மறுபடி போட்டேன். திரையில் அதே குடை, அதே முதுகு. அப்போது நான் சொன்னேன் ஐயா: செட்டியார் நிற்கிறார். யாரோ கூப்பிட்ட மாதிரி தலையைச் சாய்க்கிறார். திரும்புகிறார். காதுக் கடுக்கன் வெயிலில் மின்னுகிறது. சிரிக்கிறார்.

"அப்பச்சிக்கு எடது கன்னத்துல குழி விழுகுதா?" என்று கேட்டார் பெரிய செட்டியார்.

நல்லா விழுகுது என்றேன். உண்மையில் அந்தச் சுருளில் குழி தெரியாது, தாடை நிழல் மறைத்துவிடும். நான் போட்ட குழிதான் அது. அவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அழுதார். எத்தனையோ கொட்டகையில் எத்தனையோ பேரை நான் அழவைத்திருக்கிறேன், அன்றைக்கு மாதிரி ஒருநாளும் அமைந்ததில்லை. அந்த ஒரு நாளுக்காக இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்றுகூடத் தோன்றியது.

மீனாள் ஆச்சி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்குப் போய்ப் பெரிய செட்டியாரை உட்கார வைத்துவிட்டு, கருமாதிக்குப் பிறகு முதல் தடவையாக முற்றத்தைத் தாண்டி நேரே இரண்டாம் கட்டுக்குப் போனாராம். நடுவில் ஆள் வைக்கவில்லை. அது அந்த வீட்டு வழக்கமே இல்லை, நான் எதிர்பார்க்க முடியாது.

"தம்பி, கண்ணு போறதுக்குள்ள ஒரு தடவை கேட்டாகளே. ஏன் இல்லைன்னீக?"

"எந்தக் கண்ணு ஆச்சி?" என்றாராம் சின்னச் செட்டியார்.

மீதி உங்களுக்குத் தெரியும். அவர் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அண்ணன் காலடியில் வைத்தாராம். பெரிய செட்டியார் சுருளை வெளியே எடுத்து விரலால் தடவித் தடவி, இதில் எங்கே இருக்கிறார், எங்கே இருக்கிறார் என்று கேட்டாராம். வழவழவென்று இருக்கும், விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாது. இதெல்லாம் எனக்குப் பிறர் சொன்னது. நான் பக்கத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

நீங்கள் நேராகக் கேட்டதற்கு நேராகவே பதில் எழுதிக்கொள்ளுங்கள். ஆமாம். டாக்டர் வைத்த கெடு எனக்குத் தெரியும். அண்ணன் கூப்பிட்டதும் தெரியும், தம்பி வருகிறேன் என்றதும் தெரியும். சித்திரை வரை அந்தப் பெட்டி முற்றத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டவன் நான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால் படம் முழுதாகிவிடும், முழுப் படத்தில் எனக்கு நிற்க இடம் இல்லை. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை, கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு சின்ன விண்ணப்பம் மட்டும் உண்டு. பத்துச் சுருளையும் வரிசையாகச் சேர்த்து வருகிற வெள்ளிக்கிழமை காரைக்குடியில் மறுபடி போடுகிறார்களாம். வடக்கு தெற்கு எல்லையெல்லாம் எடுத்தாகிவிட்டதாம். பெரிய செட்டியார் முன்னால் உட்காருவார், தம்பி பக்கத்தில் இருந்து படத்தைச் சொல்லுவார் என்று கேள்விப்பட்டேன். சின்னச் செட்டியாருக்குச் சொல்ல வராது ஐயா. அப்பச்சி திரும்புறாக என்பார், உடனே அழுதுவிடுவார், அதோடு போச்சு. கடுக்கனை யார் சொல்வது, கன்னத்துக் குழியை யார் சொல்வது? படத்தில் நான் போட்ட அந்தக் குழி சின்னச் செட்டியாருக்குத் தெரியவே தெரியாது. அவர்களிடம் என் பெயரைச் சொல்லிப் பாருங்கள். போலீஸ்காரர் வேண்டுமானாலும் கூட நிற்கட்டும், சம்பளமும் வேண்டாம். இத்தனை நாளாக அவருக்குக் கண்ணாக இருந்தவன் நான்தானே.